கார் ஜிபிஎஸ்ஸை வச்சு ஜியோகேச்சிங் போக முடியுமா? புதுசா ஆரம்பிக்கிறேன்

#1 நெல்லைக்காரன் (டர்பன்), வெள்ளி இரவு

வணக்கம் மக்களே. ரெண்டு வருசமா இங்க வாசிக்கிறதோட சரி, எழுதுறது இதான் முதல் தடவை.

எம்பொண்ணுக்கு ஒம்பது வயசு. கூடப் படிக்கிற பிள்ளை ஒண்ணு, அப்பாவோட ஜியோகேச்சிங் (ஒருத்தர் டப்பாவை ஒளிச்சு வச்சு இடத்தோட நம்பரை இணையத்துல போடுவாரு, மத்தவங்க ஜிபிஎஸ் வச்சுத் தேடுற ஆட்டம்) போயி புதருக்குள்ள இருந்து டப்பா எடுத்த கதையைச் சொல்லியிருக்கு. அன்னையில இருந்து வீட்டுல வேற பேச்சே கிடையாது. ஜூலை லீவு வேற வந்தாச்சு.

பிரச்சினை என்னன்னா எங்கிட்ட இப்போ ஸ்மார்ட்போன் இல்ல. போன மாசம் ரோபோல நிக்கும்போது (ஊர்ல இருந்து புதுசா வந்தவங்களுக்கு: இங்க சிக்னலுக்குப் பேரு ரோபோ) ஜன்னல் வழியா கையை விட்டுப் பிடுங்கிட்டுப் போயிட்டான். இப்போதைக்கு பட்டன் போன்தான். புதுசு வாங்கினாலும் அதைக் கையில நீட்டிக்கிட்டு காட்டுப் பாதையில நடக்க மனசு வராது.

ஆனா செகண்ட் ஹேண்ட்ல வாங்கின காரோட கப்பிஹோல்ல (டேஷ்போர்டுப் பெட்டி) ஒரு பழைய கார் ஜிபிஎஸ் கிடந்துச்சு. கண்ணாடியில ஒட்டுற ரகம். ஆன் பண்ணினா ஆகுது. மேப் ரொம்பப் பழசு, இன்னும் கிரே ஸ்ட்ரீட்னுதான் காட்டுது. இதை வச்சு டப்பா தேட முடியுமா? அட்ரஸ் கேக்குது, எங்கிட்ட இருக்கிறது அட்சரேகை தீர்க்கரேகை நம்பர். எங்க போடணும்?

#2 எகோலி_வாசி (ஜோஹன்னஸ்பர்க்), வெள்ளி இரவு

தம்பி, கோவிச்சுக்காதீங்க. அந்த டப்பாவை தூரப் போட்டுட்டு சுமாரான ஆண்ட்ராய்டு போன் ஒண்ணு வாங்குங்க. சி-ஜியோன்னு இலவச செயலி இருக்கு. வீட்டு வைஃபைல மேப்பையும் கேச் (ஒளிச்சு வச்ச டப்பா) விவரத்தையும் இறக்கி வச்சுக்கிட்டா வெளிய டேட்டாவே வேணாம். ஜிபிஎஸ் சிக்னல் வானத்துல இருந்து வர்றது, அதுக்கு சிம் தேவையில்ல. கார் ஜிபிஎஸ் ரோட்டுக்குச் செஞ்சது. காட்டுக்குள்ள அது சொல்றதைக் கேட்டு நடந்தா மரத்துல முட்டிக்குவீங்க.

#3 பக்கி_ஓட்டி (பைன்டவுன்), வெள்ளி இரவு

அவர் கேட்டது கார் ஜிபிஎஸ்ஸைப் பத்தி. போன் கடைக்கு வழி கேக்கல.

நெல்லை, தாராளமா முடியும். நான் ஆரம்பிச்சதே அப்படித்தான். முதல் நாப்பது டப்பாவும் என் பக்கி (பிக்கப் வண்டி) டேஷ்போர்டுல இருந்த நூவிங்கிற கார் ஜிபிஎஸ்ஸை வச்சு எடுத்தது. உங்களது என்ன மாடலோ தெரியல, கார்மின் நூவியா இருந்தா 'வேர் டு' அழுத்துங்க, பட்டியல்ல கீழ போனா 'கோஆர்டினேட்ஸ்'னு இருக்கும். மத்த கம்பெனிதுலயும் எங்கயாவது ஒளிச்சு வச்சிருப்பான், தேடுங்க. எஸ் (தெற்கு), ஈ (கிழக்கு) சரியா இருக்கான்னு பாருங்க. வடக்குன்னு விட்டுட்டீங்கன்னா எகிப்துக்கு ரூட் போடும்.

#4 கரும்புத்தோட்டம் (மவுண்ட் எட்ஜ்கோம்ப்), சனி காலை

எல்லோருக்கும் வணக்கம். நான் இங்கேயே பிறந்தவன். என் தமிழ் கோயில் பள்ளிக்கூடத்துத் தமிழ். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஜிபிஎஸ்ஸைத் தூர எறிய வேண்டாம் என்று நானும் சொல்வேன். கிரே ஸ்ட்ரீட்டை 2008 வாக்கில் டாக்டர் யூசுப் தாதூ ஸ்ட்ரீட் ஆக்கினார்கள். வெஸ்ட் ஸ்ட்ரீட் டாக்டர் பிக்ஸ்லி காசேமே ஆனது, பாயின்ட் ரோடு மகாத்மா காந்தி ரோடு ஆனது. நூற்றுக்கும் மேலான தெருக்கள். என் வயதுக்காரர்கள் இன்னும் பழைய பெயரைத்தான் சொல்கிறோம். எங்கள் பாஷை பேசும் இயந்திரம் அது ஒன்றுதான் மிச்சம்.

ஒன்று கேட்கிறேன். டப்பாவை யார் ஒளிக்கிறார்கள்? எதற்காக?

#5 மேசைமலை (கேப் டவுன்), சனி காலை

அய்யா, இது கணக்கு போட்டு ஆடும் கண்ணாமூச்சி. தொழில் முறையில் நான் நில அளவையாளன், அதனால் கொஞ்சம் நீளமாகப் பேசுவேன்.

அமெரிக்க ராணுவம் ஜிபிஎஸ் சிக்னலில் பொதுமக்களுக்கு வேண்டுமென்றே ஒரு கலப்படம் செய்து வைத்திருந்தது. கையில் இருக்கும் கருவி 100 மீட்டர் வரை தப்பாகக் காட்டும். 2000 மே மாதம் முதல் தேதி, இனி அது கிடையாது என்று கிளிண்டன் அறிவித்தார். ஒரே ராத்திரியில் பிழை 20 மீட்டருக்குள் வந்துவிட்டது. மே 3-ஆம் தேதி டேவ் உல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்துக் காட்டோரம் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் வாளியை வைத்துவிட்டு, அதன் அட்சரேகை தீர்க்கரேகையை இணையத்தில் போட்டார். கண்டுபிடிப்பவர் ஏதாவது எடுத்துக்கொள்ளலாம், பதிலுக்கு ஏதாவது வைக்க வேண்டும், நோட்டில் எழுத வேண்டும். ஆட்டம் இன்றுவரை அவ்வளவுதான். அந்த வாளியில் ஒரு பீன்ஸ் டின்னும் இருந்தது. இப்போது சாப்பாட்டுப் பொருள் வைக்கக் கூடாது என்று விதி, எறும்பும் குரங்கும் விடாது.

நெல்லைக்காரருக்கு: முதல் டப்பாவைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண் உண்டு, தேடும் கஷ்டம் ஒன்று, போய்ச் சேரும் பாதையின் கஷ்டம் இன்னொன்று. 1 முதல் 5 வரை. இரண்டும் 2-க்குக் கீழே இருக்கட்டும். அளவு 'ஸ்மால்' அல்லது 'ரெகுலர்'. 'மைக்ரோ' வேண்டாம். அது பழைய கேமரா பிலிம் டப்பி சைஸ், அதிலும் சின்னது சுண்டுவிரல் நுனி அளவுகூட இருக்கும். குழந்தை அழும். வகை 'டிரடிஷனல்' என்று இருக்கட்டும், கொடுத்த எண்ணிலேயே டப்பா இருக்கும். மற்றவை புதிர், பல கட்டம் என்று இழுக்கும்.

கடைசியாக வந்தவர்கள் எழுதிய குறிப்பையும் படியுங்கள். வரிசையாக மூன்று பேர் 'கிடைக்கவில்லை' என்று எழுதியிருந்தால் டப்பா அங்கே இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

#6 உம்லாங்கா_அக்கா, சனி மதியம்

தம்பி, ரெண்டு பிள்ளையோட நாலு வருசமா போயிட்டிருக்கேன். நம்பர் கணக்கெல்லாம் அவங்க சொல்லட்டும், நான் சொல்றதையும் கேட்டுக்குங்க.

கண்ணாடியில ஒட்டுற ஜிபிஎஸ்ஸை எடுத்து ஒளிச்சு வச்சா மட்டும் போதாது. அந்த உறிஞ்சு ரப்பர் கண்ணாடியில வட்டமா ஒரு தடம் விட்டுட்டுப் போகும் பாருங்க, அதைத் துணியால துடைச்சிருங்க. உள்ள ஜிபிஎஸ் இருக்குன்னு போர்டு வச்ச மாதிரி அது. எங்க வீட்டுக்காரரோட கார் கண்ணாடி அந்த வட்டத்துக்காகத்தான் உடைஞ்சுச்சு, உள்ள ஒண்ணுமே இல்ல. ரிமோட்டை அழுத்தினதும் கைப்பிடியை இழுத்துப் பாருங்க. சிக்னலை ஜாம் பண்ற பசங்க இருக்காங்க, பூட்டின மாதிரியே இருக்கும், பூட்டியிருக்காது.

தனியா போகாதீங்க. நீங்களும் பொண்ணும் மட்டும்னா ஆள் நடமாட்டம் உள்ள ரிசர்வா (பாதுகாக்கப்பட்ட காடு), கேட்ல ஆள் இருக்கிற இடமா பாருங்க. இங்க குளிர்காலத்துல அஞ்சு மணிக்கெல்லாம் இருட்டிரும், காலையிலேயே போயிட்டு வந்துருங்க.

#7 நெல்லைக்காரன் (டர்பன்), ஞாயிறு மாலை

போயிட்டு வந்தாச்சு. கிடைக்கல. அது கூடப் பரவால்ல, நடந்ததைக் கேளுங்க.

சில்வர்கிளென் ரிசர்வ் பக்கம் ஒரு டப்பா. மேசைமலை அண்ணன் சொன்ன மாதிரி ஒண்ணரை, ஒண்ணரை. நம்பரைத் தாள்ல எழுதி, அக்கறையா ஜிபிஎஸ்ல போட்டு, நானும் பொண்ணும் பக்கத்து வீட்டுத் தம்பியுமா கிளம்பினோம். ஜிபிஎஸ்ல பேசுற அம்மா அழகா வழி சொல்லி, கடைசியில "வந்து சேர்ந்துவிட்டீர்கள்"னு ஒரு வீட்டு கேட் முன்னாடி நிறுத்திருச்சு. காடும் இல்ல, ஒண்ணும் இல்ல. மஞ்சள் சுவர், உள்ள துளசி மாடம், கொய்யா மரம்.

சரி, வேலி ஓரமாத்தான் வச்சிருப்பாங்கன்னு நினைச்சு நான் குனிஞ்சு கேட்டுக்குக் கீழ கையை விட்டுத் தடவுறேன். உள்ள இருந்து நைட்டி போட்ட ஒரு பாட்டி, கையில வெளக்கமாறு. என்ன தேடுறீங்கன்னு இங்கிலீஷ்ல கேட்டாங்க. எனக்குப் பதட்டத்துல தமிழ்தான் வந்துச்சு. "டப்பா தேடுறோம் பாட்டி". அவங்களுக்குத் தமிழ் முழுசா வரல, ஆனா பாட்டின்னு சொன்னது புரிஞ்சிருச்சு. சிரிச்சுட்டாங்க. பொண்ணுக்கு ஒரு பை நிறையக் கொய்யா. டப்பா மட்டும் இல்ல.

நம்பரை ரெண்டு தடவை சரிபார்த்தேன். தாள்லயும் ஜிபிஎஸ்லயும் அதே இலக்கம்தான். டப்பாவை யாரும் தூக்கிட்டுப் போயிருப்பாங்களா?

#8 எகோலி_வாசி (ஜோஹன்னஸ்பர்க்), ஞாயிறு மாலை

சொன்னேன்ல.

#9 மேசைமலை (கேப் டவுன்), ஞாயிறு இரவு

டப்பா பத்திரமாக இருக்கும். கடைசி மூன்று இலக்கத்தை மட்டும் சொல்லுங்கள். முழு எண்ணையும் இங்கே போடாதீர்கள்.

#10 நெல்லைக்காரன் (டர்பன்), ஞாயிறு இரவு

தெற்கு .510, கிழக்கு .320. ஜிபிஎஸ்ல புள்ளி கொஞ்சம் தள்ளி இருந்துச்சு, 51.0, 32.0ன்னு போட்டேன். இலக்கம் அதேதானே?

#11 மேசைமலை (கேப் டவுன்), ஞாயிறு இரவு

அதேதான் கோளாறு. புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேர் இந்தக் குழியில் விழுவார்கள், வெட்கப்பட வேண்டாம்.

ஒரே இடத்தை மூன்று விதமாக எழுதலாம். முழுக்க டிகிரி, தசமப் புள்ளியோடு. டிகிரி, நிமிடம், நிமிடத்துக்குத் தசமம். டிகிரி, நிமிடம், வினாடி. ஜியோகேச்சிங்கில் எல்லோரும் எழுதுவது நடுவில் சொன்னது. உங்கள் கருவி மூன்றாவதில் இருந்திருக்கிறது. .510 என்பது நிமிடத்தின் ஆயிரத்தில் 510 பங்கு, அதாவது அரை நிமிடம் சொச்சம். 60 வினாடியால் பெருக்கினால் 30.6 வினாடி. நீங்கள் 51 வினாடி என்று போட்டீர்கள். 20.4 வினாடி கூடுதல். ஒரு நிமிட அட்சரேகை தரையில் 1,852 மீட்டர், ஆக தெற்கே 630 மீட்டர் தள்ளிப் போயிருக்கிறீர்கள். கிழக்கிலும் அப்படியே 19.2-க்குப் பதிலாக 32. டர்பன் இருக்கும் இடத்தில் ஒரு நிமிடத் தீர்க்கரேகை சுமார் 1,600 மீட்டர்தான், அந்தப் பக்கம் 340 மீட்டர். மொத்தம் தென்கிழக்கே 700 மீட்டர் சொச்சம். கொய்யா மரம் அங்கேதான் இருக்கிறது.

இந்தத் தப்பில் ஒரு விசேஷம் உண்டு. .600-க்கு மேல் இருந்திருந்தால் 60 வினாடிக்கு மேல் போகாது என்று கருவியே மறுத்திருக்கும், உடனே தெரிந்திருக்கும். உங்களுக்கு இரண்டு எண்ணும் அதற்குக் கீழே அமைந்து வாய்மூடி இருந்துவிட்டது.

அந்தப் பக்கத்திலேயே 'ஃபார்மேட்' என்று ஒரு பொத்தான் இருக்கும். நிமிடத்துக்குப் பின்னால் மூன்று இலக்கம் வருகிற மாதிரி மாற்றுங்கள்.

#12 பக்கி_ஓட்டி (பைன்டவுன்), ஞாயிறு இரவு

கேட்டுக்குக் கீழ கையை விட்டுத் தடவுற ஆளுக்கு கொய்யா குடுத்த பாட்டியைக் கோயில் கட்டிக் கும்பிடணும். எங்க தெருவா இருந்தா நாய்தான் முதல்ல வரும்.

#13 நெல்லைக்காரன் (டர்பன்), புதன் இரவு

ஃபார்மேட்டை மாத்தியாச்சு. லீவு போட்டுட்டு இன்னிக்குக் காலையில திரும்பப் போனோம். இந்தத் தடவை ரிசர்வ் கேட்டுக்கே கூட்டிட்டுப் போயிருச்சு, அதுவரைக்கும் சந்தோசம். உள்ள நடக்க ஆரம்பிச்சதும் கூத்து. நாங்க புல்லுக்குள்ள நிக்கிறோம், திரையில கார் படம் ரோட்டு மேலயே நிக்குது. அம்பது அடி உள்ள வந்தாலும் ரோட்டை விட்டு இறங்க மாட்டேங்குது. "முடிந்தால் யு-டர்ன் எடுங்கள்"னு சத்தமா வேற சொல்லுது. எதிர்ல நாயோட வந்த ஒருத்தர் நின்னு பார்த்துட்டுப் போனாரு. பொண்ணு என்னை விட்டுப் பத்தடி தள்ளி நடக்க ஆரம்பிச்சுட்டா.

அப்புறம் பேட்டரி. நாப்பதாவது நிமிசம் அணைஞ்சிருச்சு. கையில பவர் பேங்க் இருந்துச்சு, கேபிளைச் சொருகினா மேப் போயி கம்ப்யூட்டர் படம் வந்து உக்காந்துக்கிச்சு. எகோலி அண்ணே, நீங்க சொன்னது சரிதானோ?

#14 பக்கி_ஓட்டி (பைன்டவுன்), புதன் இரவு

அவசரப்படாதீங்க. ஒவ்வொண்ணா வருவோம்.

கார் ஜிபிஎஸ்ஸுக்கு நாம எப்பவும் ரோட்டுல இருக்கோம்னு ஒரு நம்பிக்கை. சிக்னல் பத்து மீட்டர் அங்க இங்க ஆனாலும் பக்கத்து ரோட்டுல கொண்டு போயி ஒட்ட வச்சிரும். வண்டி ஓட்டும்போது அது நல்லதுதான். இறங்கி நடக்கும்போது அந்தப் பழக்கத்தை நிறுத்தணும். நூவில செட்டிங்ஸ் போயி நேவிகேஷன், அதுக்குள்ள ரூட் பிரிஃபரன்ஸ், அங்க 'ஆஃப் ரோடு'. அதைப் போட்டா ரோட்டை மறந்துட்டு டப்பாவுக்கு நேரா ஒரு கோடு போடும், தூரம் மட்டும் காட்டும். சத்தத்தையும் அணைச்சிருங்க, உங்க பொண்ணுக்காகவாச்சும்.

திரும்பிக் காருக்கு வந்ததும் பழையபடி மாத்த மறந்துராதீங்க. நான் ஒரு தடவை மறந்து, இன்சாங்கா மலையில வேலை முடிச்சுட்டு வீட்டுக்குன்னு போட்டேன். பள்ளத்தாக்கு வழியா நேர்கோட்டுல இறங்கச் சொல்லுச்சு.

பவர் பேங்க்: அது சாதாரண கேபிளா இருக்கும். சொருகினா கம்ப்யூட்டர்ல மாட்டிட்டாங்கன்னு நினைச்சுக்கும். அந்த ஜிபிஎஸ்ஸுக்குன்னே விக்கிற சார்ஜ் கேபிள் ஒண்ணு வாங்குங்க. இல்லன்னா கார்ல வரும்போது சார்ஜ்ல போட்டுக்கிட்டே வந்து, இறங்குறப்போ பிடுங்குங்க, நடக்கும்போது திரை வெளிச்சத்தைக் குறைங்க. மழைக்குத் தாங்காது, ஒரு பிளாஸ்டிக் பைக்குள்ள போட்டு வச்சுக்குங்க. தொடுதிரை பை மேலயே வேலை செய்யும், பழசுன்னா அழுத்தித் தொடுற ரகம்தான்.

#15 மேசைமலை (கேப் டவுன்), புதன் இரவு

இதோடு இரண்டு விஷயம்.

முதலாவது, இந்தக் கருவிக்குள் திசைகாட்டி கிடையாது. நீங்கள் நகர்ந்தால்தான் எந்தப் பக்கம் போகிறீர்கள் என்று அதற்குத் தெரியும். நின்றுகொண்டு கையில் சுழற்றிப் பார்த்தால் அம்பு சும்மா அலையும். சில கருவிகள் வேகம் மிகவும் குறைந்தால் 'வண்டி நின்றுவிட்டது' என்று முடிவு கட்டி, இருந்த எண்ணையே பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் கடைசி 20 மீட்டரில் அம்பைப் பார்க்காதீர்கள். இருக்கும் இடத்தின் எண்ணைக் காட்டும் பக்கத்தைத் திறங்கள். நூவியில் கார் படத்தைத் தொட்டால் வரும். தாளில் உள்ள எண்ணும் திரையில் உள்ள எண்ணும் ஒன்றாகும் வரை நடங்கள். கடைசி இலக்கம் ஒன்று மாறினால் வடக்கு தெற்கில் 1.85 மீட்டர், கிழக்கு மேற்கில் 1.6 மீட்டர். இரண்டு எட்டு வைத்தால் ஒரு இலக்கம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இங்கேதான் இரண்டாவது வருகிறது. இணையத்தில் நீங்கள் பார்க்கும் பாடங்களில் பாதிக்கு மேல் வட அரைக்கோளத்துக்காரர்கள் எழுதியது. 'எண் கூட வேண்டுமா, வடக்கே நட' என்பார்கள். நமக்கு அது தலைகீழ். பூமத்திய ரேகையிலிருந்து தெற்கே எவ்வளவு என்பதுதான் நம் எண், ஆகவே தெற்கே போனால் கூடும், வடக்கே போனால் குறையும். கிழக்கு மட்டும் மாறாது.

வடக்கு எது என்று தெரியவில்லையா? உச்சிவெயிலைப் பாருங்கள். திருநெல்வேலியில் வருஷத்தின் பெரும்பகுதி மத்தியானச் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும், அந்தப் பழக்கம் கண்ணில் ஊறியிருக்கும். டர்பனில் எல்லா நாளும் வடக்கே சாய்ந்திருக்கும். பன்னிரண்டு மணி வாக்கில் உங்கள் நிழல் விழும் பக்கம் தெற்கு. நான் கேப் டவுனுக்கு வந்த முதல் வருஷம் இதனாலேயே இரண்டு முறை எதிர்ப்பக்கம் நடந்திருக்கிறேன். அளவையாளன் என்று வெளியே சொல்லவில்லை.

(இன்னொன்று, இது கொஞ்சம் எங்கள் ஆட்கள் சமாசாரம். அப்பா வைத்திருந்த பழைய காகித வரைபடம் ஏதாவது இருந்தால் அதில் எண்ணை எடுத்துப் போடாதீர்கள். இந்த நாட்டில் 1999 ஜனவரி முதல்தான் ஜிபிஎஸ்ஸோடு ஒத்துப்போகும் ஹார்டெபீஸ்ட்ஹூக் 94 என்ற அளவை முறை. அதற்கு முந்தியது கேப் டேட்டம் என்ற பழைய அளவை முறை. இரண்டுக்கும் சுமார் 300 மீட்டர் வித்தியாசம். இன்னொரு கொய்யா மரம்.)

#16 எகோலி_வாசி (ஜோஹன்னஸ்பர்க்), வியாழன் காலை

இவ்வளவு பாடு எதுக்கு? ஃபார்மேட் மாத்து, மோட் மாத்து, கேபிள் மாத்து, நிழலைப் பாரு. போன்ல தொட்டா முடிஞ்சுது. போன் பயமா இருந்தா கையில பிடிக்கிற ஜிபிஎஸ் வாங்கட்டும். இடிரெக்ஸ் மாதிரி ஒண்ணு, ரெண்டு பென்சில் பேட்டரி போட்டா நாள் முழுக்க ஓடும், தண்ணியில விழுந்தாலும் தாங்கும். கார் ஜிபிஎஸ்ல தேடுறது நகவெட்டியால தேங்காய் உரிக்கிற கதை.

#17 பக்கி_ஓட்டி (பைன்டவுன்), வியாழன் காலை

பிள்ளைக்குப் பிடிக்குமா பிடிக்காதான்னே தெரியாம ஆயிரக்கணக்குல ராண்டைக் கொட்டச் சொல்றீங்க. கப்பிஹோல்ல இருக்கிறதை வச்சு ஒரு மாசம் சுத்தட்டும், அப்புறம் வாங்கிக்கலாம். அதோட போன்ல தொட்டா முடிஞ்சுதுன்னு சொல்றீங்களே, போன வருசம் மெல்வில் பக்கம் ரெண்டு பேரும் போனோம், ஞாபகம் இருக்கா? உங்க போன் ஒரு மணி நேரம் மரத்தைச் சுத்தி சுத்தி வந்துச்சு. கடைசியில கண்டுபிடிச்சது என் மச்சான். அவன் எந்த மெஷினையும் பார்க்கல, கல்லு ஒண்ணு இயற்கைக்கு மாறா உக்காந்திருக்குன்னு சொன்னான்.

#18 மட்டுறுத்துநர், வியாழன் காலை

போன் விற்பனைக்குத் தனி இழை உண்டு. இடத்தின் முழு எண், மறைவிடத்தின் படம் இரண்டும் இங்கே வேண்டாம்.

#19 கரும்புத்தோட்டம் (மவுண்ட் எட்ஜ்கோம்ப்), வியாழன் மாலை

சண்டை போடாதீர்கள் பிள்ளைகளே. யாரும் சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன்.

சில்வர்கிளென் எனக்குத் தெரிந்த காடு. அங்கே மாநகராட்சியின் மூலிகை நாற்றங்கால் உண்டு. சூலு வைத்தியர்கள் செடி வாங்க வருவார்கள். என் தகப்பனார் அந்தப் பக்கம் நடக்கும்போது கையில் ஒரு கம்பு இல்லாமல் போகமாட்டார். இந்தக் கடற்கரைக் காடுகளில் பச்சை மாம்பா மரத்தில் இருக்கும், கறுப்பு மாம்பா பாறை இடுக்கில் இருக்கும், துப்புகிற நாகமும் உண்டு. ஜூலைக் குளிரில் அதிகம் வெளியே வராது, ஆனால் பத்து மணி வெயிலில் கல்லின்மேல் படுத்துக் காயும். ஆகவே டப்பா இருக்கும் பொந்தில் நேராகக் கையை விடாதீர்கள். கம்பால் தட்டுங்கள், கல்லை அப்பால் அல்லாமல் உங்கள் பக்கமாகப் புரட்டுங்கள், பாம்புக்கும் உங்களுக்கும் நடுவில் கல் இருக்கும். கேட்டுக்குக் கீழே கையை விட்டது போல் அங்கே விட்டால் கொய்யா கிடைக்காது.

வீட்டுக்கு வந்ததும் குழந்தையின் காலையும் காதின் பின்புறத்தையும் பாருங்கள், உண்ணி ஏறியிருக்கும்.

#20 நெல்லைக்காரன் (டர்பன்), ஞாயிறு இரவு

கிடைச்சிருச்சு!!!

நேத்து காலையில எட்டு மணிக்கே கேட்டுக்குப் போயிட்டோம். கண்ணாடித் தடத்தைத் துடைச்சேன் அக்கா. கைப்பிடியை இழுத்தும் பார்த்தேன். மஞ்சள் கோட்டு போட்ட அண்ணாச்சிகிட்ட வண்டியைப் பார்த்துக்கச் சொல்லிட்டு, மோட் மாத்தி, சத்தத்தை அணைச்சு, நடையைக் கட்டினோம். இந்தத் தடவை கார் படம் எங்ககூடவே புல்லுக்குள்ள இறங்குச்சு. அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு சந்தோசம், சொன்னா சிரிப்பீங்க.

இருபது மீட்டர் வந்ததும் நம்பர் பக்கத்தைத் திறந்தேன். தாளைப் பொண்ணு வச்சுக்கிட்டா, நான் திரையை வாசிக்கிறேன். "தெற்கு ஐநூத்தி நாலு". "பத்து வேணும்பா, இன்னும் கூடணும்". நான் பாட்டுக்கு வடக்கே ரெண்டு எட்டு வச்சேன், ஐநூத்தி மூணு. அண்ணன் எழுதியிருந்தது அப்பதான் மண்டையில ஏறுச்சு. திரும்பித் தெற்கே நடந்தோம். நாலு, ஆறு, ஏழு. பொண்ணு ஒவ்வொண்ணுக்கும் ஏலம் விடுற மாதிரி கத்துறா. ஒம்பதுல நின்னு, பதினொண்ணுக்குத் தாவி, திரும்ப எட்டு. அதுக்கு மேல அது ஒரு இடத்துல நிக்கல. மரத்தடி வேற.

பக்கி அண்ணன் மச்சான் சொன்ன கல்லு கதை பொண்ணுக்கு ஞாபகம் வந்துச்சு. ஜிபிஎஸ்ஸைப் பைக்குள்ள போட்டுட்டோம். டப்பா வச்சவங்க எழுத்தை மாத்திப் போட்டு மறைச்சு எழுதின ஹிண்ட்டை (துப்பு) முந்தின ராத்திரியே பிரிச்சு வச்சிருந்தோம். ஆங்கில எழுத்தைப் பதிமூணு பதிமூணா ரெண்டு வரிசை எழுதி மேல கீழ மாத்துற விளையாட்டு, அவளுக்கு அதுவே பாதி சந்தோசம். வேருன்னு மட்டும்தான் இருந்துச்சு. நாலு மரத்தைச் சுத்தினோம். அஞ்சாவது மரத்தோட வேர் இடுக்குல மூணு கல்லு, ஒண்ணு மேல ஒண்ணு, எங்க வீட்டு அடுப்பாங்கரையில பாட்டி அடுக்கின மாதிரி ஒழுங்கா. அய்யா சொன்னபடி கம்பால தட்டினேன். டொக்குன்னு பிளாஸ்டிக் சத்தம்.

நாலு பக்கமும் கொக்கி போட்டு மூடுற டப்பா, மேல பச்சையும் பழுப்புமா டேப் சுத்தியிருக்கு. உள்ள ஜிப் பைல ஒரு சின்ன நோட்டு, ஓரம் ஈரத்துல ஊறி ஒட்டியிருந்துச்சு. பாதி பென்சில், ஒரு கோலிக்குண்டு, வாலு போன டைனோசர், ஒரு பொத்தான். கோலிக்குண்டை எடுத்துக்கிட்டா. பதிலுக்கு வீட்டுல இருந்து ஒரு சோழி கொண்டு வந்திருந்தா, திருச்செந்தூர் கடைத்தெருவுல வாங்கினது, தாயக்கட்டைப் பையில இருந்தது. நோட்டுல தேதி போட்டு 'டீம் அல்வா'ன்னு தமிழ்ல எழுதினா. முன்னாடி பக்கமெல்லாம் புரட்டிப் பார்த்தேன், தமிழ்ல வேற யாரும் எழுதல.

அந்த நேரம் பார்த்து அந்த நாய்க்காரர் வந்துட்டாரு. மூணு பேரும் டப்பாவை மறைச்சு உக்காந்துக்கிட்டு வானத்தைப் பார்த்தோம். அவரு ஒண்ணும் கேக்கல, "இன்னிக்கு அது பேசலையா?"ன்னு மட்டும் கேட்டுட்டுப் போயிட்டாரு.

வர்ற வழியில கொய்யா பாட்டி வீட்டுக்குப் போயி டப்பா கிடைச்சதைச் சொன்னோம். அல்வா ஒரு பொட்டலம் குடுத்தேன். வீட்டுல கிண்டினது, ஊர் ருசி வராது, சும்மா.

எகோலி அண்ணே, புது போன் அடுத்த மாசம் வாங்குவேன். அதுவரைக்கும் இது.

#21 எகோலி_வாசி (ஜோஹன்னஸ்பர்க்), ஞாயிறு இரவு

வாழ்த்துகள் தம்பி. நகவெட்டியால தேங்காய் உரிச்சுட்டீங்க.

#22 உம்லாங்கா_அக்கா, திங்கள் காலை

டப்பாவை எடுத்த அதே இடத்துல, அதே மாதிரி கல்லை அடுக்கி வச்சீங்கதானே? புதுசா போறவங்க "இன்னும் நல்லா ஒளிப்போம்"னு நகர்த்தி வச்சிடுவாங்க. நோட்டு ஈரமா இருக்குன்னு இணையத்துல போய் எழுதுங்க, வச்சவங்க வந்து மாத்துவாங்க. தமிழ்லயே எழுதலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

#23 கரும்புத்தோட்டம் (மவுண்ட் எட்ஜ்கோம்ப்), திங்கள் மாலை

பேத்தியின் எழுத்து அந்த நோட்டில் இருப்பது எனக்குப் பெருமை. அடுத்த சனிக்கிழமை போவதாக இருந்தால் என்னையும் கூட்டிக்கொண்டு போகலாமா? கம்பு என்னிடம் இருக்கிறது. பழைய கிரே ஸ்ட்ரீட் பக்கம் ஒரு டப்பா இருக்கிறதாம், என் பேரன் பார்த்துச் சொன்னான். அந்த இயந்திரமும் நானும் வழி சொல்வோம்.

#24 நெல்லைக்காரன் (டர்பன்), திங்கள் இரவு

வாங்க தாத்தா. சனி காலை எட்டு மணி, உங்க வீட்டு வாசலுக்கே வர்றேன். லேட் பண்ணிராதீங்க, கேபிள் இன்னும் வாங்கல, பேட்டரி நாப்பது நிமிசம்தான்.